நான் “எப்பா” என்று கத்தினேன், அவர் ஓடி வந்தார்

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கினால் ஒரு துண்டு மணல் இருக்கிறது. கடல் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும் காலைகளில் அதில் கிரிக்கெட் விளையாடலாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குத் தொடங்கி, வெயில் முதுகைச் சுடும்வரை விளையாடுவோம். டென்னிஸ் பந்து, மணலில் குத்திய தடிகள், எங்களுக்கென்று சில சட்டங்கள். பந்து நேராகக் கடலில் விழுந்தால் அவுட். தண்டவாளத்தில் விழுந்தாலும் அவுட். அடித்தவனே போய்ப் பந்தை எடுத்து வரவேண்டும்.

எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. வேலை பார்க்கும் கந்தோரில் நான் வாய் திறப்பது குறைவு. வீட்டில் அதைவிடக் குறைவு. அங்கெல்லாம் பேசாமல் விட்டதைச் சேர்த்து வைத்து மணலில் கத்தித் தீர்ப்பேன். யாரும் தெரிவு செய்யாமலே நான்தான் கப்டன்.

எங்கள் கூட்டத்தில் எல்லா வகை ஆட்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாகக் கொழும்பில் இருக்கும் என்னைப் போன்றவர்கள், காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் நண்பர், ஓட்டோ ஓட்டும் ஒரு சிங்கள நண்பர். ஓட்டோக்காரர்தான் எங்கள் சிறந்த பந்து வீச்சாளர்.

ஒருமுறை நான் “நோ” என்று கத்தியது அலைச் சத்தத்தில் “கோ” என்று கேட்டு நானா ஓடி, அவுட்டாகி, பெரிய சண்டை வந்துவிட்டது. தமிழில் “வேண்டாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் பாதித் தூரம் வந்துவிடுவார். ஆகவே ஓடக்கூடாது என்றால் சிங்களத்தில் “எப்பா” என்று கத்துவது என முடிவு செய்தோம். வேண்டாம், செய்யாதே என்று அர்த்தம். பஸ்ஸில், சந்தையில், வாசலில் வரும் வியாபாரியிடம், கொழும்பில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல். அந்த யோசனையைச் சொன்னது நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருடம் தை மாதமளவில் ஒருவர் தண்டவாளத்தின் ஓரமாக நின்று எங்கள் விளையாட்டைப் பார்க்கத் தொடங்கினார். மூன்று ஞாயிறு நின்று பார்த்தார். நான்காவது ஞாயிறு எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது.

“அண்ணை, விளையாடுவியளோ?” என்று கேட்டேன்.

“ஓம், விளையாடுவன். ஆனா கனகாலம் அண்ணை,” என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னை அண்ணை என்றார். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே விசாரிக்கவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் நாற்பதைத் தாண்டினால் இந்த விசாரணைக்குப் போகமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், மனேச்சராக இருந்தவராம். மனைவியும் பிள்ளைகளும் வெளிநாட்டில். விசாவுக்காகக் கொழும்புக்கு வந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் மணலுக்கு எதிரே உள்ள லொட்ஜில் தங்கியிருந்தார். இன்று வரும், நாளை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் இப்படி எத்தனையோ பேர் வெள்ளவத்தையில் உண்டு. பகல் முழுக்க அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாக ஒருநாள் சிரித்தபடி சொன்னார். அவரைப்பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “சங்கக்கடை அண்ணை” என்றே எல்லோரும் கூப்பிட்டோம்.

அவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் அவர் இருக்கும் பக்கம் ஏனோ சண்டை குறையும். யாராவது ஒரு பிடியைத் தவறவிட்டால், பக்கத்தில் நிற்கும் அவர் முந்திக்கொண்டு “என்ர பிழை, நான்தான் குறுக்க வந்திட்டன்” என்பார். குறுக்கே வந்திருக்கவே மாட்டார். பந்து கடலுக்குள் போனால், அடித்தவன் முகம் சுளித்துக்கொண்டு கிளம்புவதற்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கியிருப்பார். புதிய ஆள் என்பதால் அவரைக் கடைசியாகத்தான் துடுப்பெடுத்து ஆட விடுவோம். இரண்டு மூன்று பந்துகள் கிடைத்தால் பெரிய விஷயம். அதற்கு ஒருநாளும் முகம் கோணியதில்லை. இப்படியே ஆறேழு ஞாயிறு போயின.

வருடத்தில் ஒருமுறை தெஹிவளைக் கோஷ்டி ஒன்று எங்களோடு மோத வரும். அதில் தோற்ற பக்கத்தின் கப்டன், வென்ற பக்கத்தார் ஒவ்வொருவருக்கும் தன் கையால் ஃபிளாஸ்க்கிலிருந்து பால் கலக்காத பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கவேண்டும். அதுதான் பந்தயம். மூன்று வருடமாக ஊற்றிக்கொண்டிருந்தது நான். நான்காவது வருடம் ஊற்றுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். மனைவி ஃபிளாஸ்க்கைத் தரும்போது, “இந்த முறையாவது நீங்கள் குடிச்சிட்டு வாங்கோ” என்று வேறு சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு எங்கள் கையில் ஒரே ஒரு விக்கெட் மிச்சம். இரண்டு பந்தில் மூன்று ஓட்டம் வேண்டும். துடுப்பு என் கையில். எதிர்முனையில் சங்கக்கடை அண்ணை. நான் பந்தைக் கடல் பக்கமாகத் தட்டினேன். நல்ல அடிதான். ஆனால் அங்கே நின்ற ஒரு நெட்டையன் குனிந்து, உருண்டு வந்த பந்தை ஒரே கையால் அள்ளிவிட்டான். ஓடினால் அவுட். அடுத்த பந்தில் ஒரு பெரிய அடி அடித்தால் வெற்றி. நெஞ்சு கிழியக் கத்தினேன்.

“எப்பா! எப்பா! எப்பா!”

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தார். நான் கத்தக் கத்த இன்னும் வேகமாக ஓடி வந்தார். மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்து நின்று, நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார். மறுமுனையில் தெஹிவளைக்காரன் ஆறுதலாக நடந்து போய்த் தடியைச் சாய்த்தான். முடிந்தது கதை.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. துடுப்பை மணலில் எறிந்தேன். எறிந்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

“காது கேக்காதோ உங்களுக்கு? தொண்டை கிழியக் கத்துறன், விழுந்தடிச்சு ஓடி வாறியள்! விசா வரும் மட்டும் நேரம் போக்க வாற ஆக்களைச் சேர்த்தா இப்பிடித்தான் முடியும்!”

இரண்டு கோஷ்டியும் கேட்டது. துணிக்கடை நானா ஓடி வந்து, “விடுங்க மச்சான், ஒரு மெட்ச்தானே” என்று என் தோளைப் பிடித்தார். நான் தட்டிவிட்டேன்.

அண்ணையின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, “என்ர பிழை அண்ணை. குறை நினையாதேங்கோ” என்றார். போய்த் தடிகளைப் பிடுங்கி ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். ஓட்டோக்கார நண்பர் அவருக்கு உதவி செய்துகொண்டு நின்றார். இருவரும் ஏதோ கதைத்தார்கள். பிறகு அண்ணை என்னிடம் வந்து, நான் எடுத்துவந்து, ஊற்ற மனமில்லாமல் இறுகப் பிடித்துக்கொண்டிருந்த ஃபிளாஸ்க்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“குடுங்கோ. நான்தானே அவுட். நான் ஊத்திக் குடுக்கிறன்.”

என்னிடம் அத்தனை ஏச்சு வாங்கிய மனிதர், எனக்குப் பதிலாகத் தெஹிவளைக்காரர் ஒவ்வொருவருக்கும் சிரித்த முகத்தோடு தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் ஒருவரும் என் பகிடிக்குச் சிரிக்கவுமில்லை. வீட்டுக்கு வந்து இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே மனைவியிடம் முறையிட்டேன்.

“நான் எப்பா, எப்பா எண்டு கத்துறன். அந்த மனுசன் ஓடி வருது. இப்ப நான் ஏசினதுதான் பிழை எண்ட மாதிரி எல்லாரும் முகத்தைத் தூக்கி வச்சிருக்கினம்.”

சம்பல் போட வந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். “அந்த மனுசனுக்குச் சிங்களம் தெரியுமோ?”

நான் இடியப்பம் பிசைவதை நிறுத்தினேன்.

“நான் கலியாணம் முடிச்சு வந்த புதுசில மரக்கறிக்காரன் பீர்க்கங்காயைத் தூக்கிக் காட்டி ‘எப்பாத?’ எண்டு கேட்டவன், நினைவிருக்கோ? வேண்டாமோ எண்டு கேக்கிறான். எனக்கு அது விளங்கேல்ல. அப்பா எங்க எண்டு கேக்கிறானாக்கும் எண்டு நினைச்சு, ‘அப்பா யாழ்ப்பாணத்தில’ எண்டு சொன்னனான். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரிச்சனீங்கள்.”

அந்தச் சட்டத்தை உண்டாக்கியவன் நான். அவரைக் கூப்பிட்டுச் சேர்த்தவனும் நான். கடலில் விழுந்தால் அவுட், தண்டவாளத்தில் விழுந்தால் அவுட் என்று முதல் நாளே எல்லாம் சொன்னேன். இந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. இருபது வருடம் கொழும்பில் இருந்ததில் எனக்கு அது சிங்களம் என்பதே மறந்துபோயிருந்தது. கடைசியாக வந்து இரண்டு பந்து ஆடும் மனிதருக்கு அதைக் கேட்டுப் பழக எங்கே சந்தர்ப்பம்? என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு லொட்ஜுக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவரிடம், யாழ்ப்பாணத்து அண்ணை, விசாவுக்கு நிற்பவர் என்றேன்.

“இஞ்ச எல்லாரும் விசாவுக்குத்தான் நிக்கினம். பேரைச் சொல்லுங்கோ.”

பெயர்! இரண்டு மாதம் ஒன்றாக விளையாடிய மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. திருடனைப் போல முழித்தேன். ஞாயிறு காலையில் பந்து விளையாட வருபவர் என்று இழுத்தேன்.

“ஓ, மண்காலோட உள்ளுக்கு வராம வாசல் பைப்பில கால் கழுவிப்போட்டு வாறவரோ? அவருக்கு விசா வந்திட்டுது. கொட்டாஞ்சேனையில சொந்தக்காரர் வீட்ட போயிட்டார். வாற ஞாயிறு பின்னேரம் பயணம்.”

விலாசம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஓட்டோக்கார நண்பருக்கு அழைப்பு எடுத்தேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். கொழும்புக் கோட்டைப் பகுதியைத் தாண்டும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணே, எனக்குத் தெரியும். அண்டைக்கே அந்த அண்ணன் கேட்டது, எப்பா எண்டா என்ன எண்டு. நான் சொன்னது. பிறகு சொன்னது, கப்டனுக்குச் சொல்ல வேணாம், தெஹிவளை ஆக்கள் முன்னால அவருக்கு வெக்கம் எண்டு.”

அப்படியென்றால், பிழை என்னுடையது என்று தெரிந்த பிறகுதான் அவர் வந்து என் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கியிருக்கிறார். மூன்று வருடத் தோல்வியும் நான்காவது வருடத் தோல்வியும் சேர்ந்து வராத அவமானம் அந்த ஓட்டோவின் பின் இருக்கையில் வந்தது. கண்ணும் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய லேனின் முடிவில் வீடு. அண்ணை தரையில் இருந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூள், மனைவிக்குப் புழுக்கொடியல், எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்கோ அண்ணை, இருங்கோ” என்று கதிரையிலிருந்த துணிகளை அவசரமாக அள்ளினார்.

நான் உட்காரவில்லை.

“அண்ணை, என்ர பிழை,” என்றேன். “அந்தச் சொல்லை உங்களுக்கு நான் சொல்லித் தந்திருக்க வேணும். அதுக்குப் பிறகு கதைச்சது அதைவிடப் பெரிய பிழை.”

“இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? போனில சொல்லியிருக்கலாமே.”

“உங்கட நம்பர் என்னட்ட இல்லை. பேரும் தெரியாது.”

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் ஒரு பையின் வாயைக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“கோவம் இல்லை எண்டு சொன்னா பொய் அண்ணை. ரெண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை. நேரம் போக்க வந்தனான் எண்டது உண்மைதானே. உண்மை எண்டபடியாத்தான் சுட்டது.”

கட்டிய பையைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆனா ஒண்டு சொல்லட்டோ? நீங்கள் ‘ஓடப்பா, ஓடப்பா’ எண்டு கத்துறியள் எண்டுதான் எனக்குக் கேட்டது. கொழும்புக்கு வந்து இத்தனை மாதத்தில என்னை ஒருத்தரும் அப்பிடி உரிமையோட கூப்பிடேல்ல. எல்லாருக்கும் நான் அண்ணைதான். இந்த மனுசன் என்னைத் தன்ர ஆள் எண்டு நினைச்சிட்டார் எண்டு சந்தோசத்திலதான் அவ்வளவு வேகமா ஓடி வந்தனான்.”

அந்த வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. என் சிநேகிதனாக என்னை நோக்கி ஓடி வந்தவரைத்தான் நான் அத்தனை பேர் முன்னால் வெளியாள் என்று சொல்லியிருக்கிறேன். உறவுக்காரப் பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன் என்று நினைக்கிறேன். சூடா, ஆறியதா என்றுகூடத் தெரியாது.

புறப்படும்போது பெயரைக் கேட்டேன். சொன்னார். மேசையில் கடவுச்சீட்டு இருந்தது. எடுத்துக் காட்டினார். இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள், நான் இரண்டு மாதம் மூத்தவன். “அப்ப இவ்வளவு நாளும் நீங்கள்தான் அண்ணை!” என்று கைகொட்டிச் சிரித்தார். ஓட்டோக்கார நண்பர் வாசலில் நின்றபடி, “ஞாயிறு காலையில வாங்க, பின்னேரம்தானே பயணம், நான் வந்து ஏத்துறது” என்றார்.

அவர் வந்தார். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டார். அன்றைக்கு அவரை முதல் ஆளாக ஆட விட்டோம். கூட யார் ஆடுவது என்று நானா கேட்க நினைத்தார்போலும், என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு துடுப்பை என்னிடமே நீட்டினார்.

இரண்டாவது ஓவரில் நான் பந்தைத் தண்டவாளப் பக்கம் தட்டிவிட்டு, ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த சொல்லை உரத்துக் கத்தினேன்.

“ஓடப்பா! ஓடப்பா!”

கத்திக்கொண்டே ஓடினேன். பாதித் தூரத்தில் நிமிர்ந்து பார்த்தால், மனிதர் தன் முனையில் தூண் மாதிரி நிற்கிறார். இரண்டு கையையும் உயர்த்தி, “எனக்கு விளங்கிட்டுது, நான் வரேல்ல!” என்று பெருமையாகத் தலையாட்டுகிறார். இந்த முறை அவருக்குக் கேட்டது “எப்பா!”

நான் அவர் பக்கத்தில் போய் மூச்சு வாங்க நின்றபோது, பின்னால் தடி விழுந்தது. அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஐயோ, என்ர பிழை!” என்றார் அவர்.

“இல்லையில்லை, என்ர பிழை!” என்றேன் நான்.

“நான்தான் நிண்டிட்டன்!”

“நான்தானே கத்தினனான்!”

மணல் முழுக்கச் சிரிப்பு. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவுட்டாகிச் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விளையாட்டு முடிந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து முதல் கோப்பையை நானே அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, வாசல் பைப் இல்லாத இடமென்பதால் கடலிலேயே கால் கழுவிக்கொண்டு, புதுச் சப்பாத்தைக் கையில் எடுத்தபடி தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்.

இப்போதும் வட்ஸப்பில் கதைப்போம். அங்கேயும் ஒரு பூங்காவில் விளையாடப் போகிறாராம். பல நாட்டுக்காரர்கள், பல பாஷை. முதல் நாள் மைதானத்தில் இறங்குவதற்கு முன்னமே, “ஓட வேண்டாம் எண்டதுக்கு நீங்கள் என்ன சொல்லுவியள்?” என்றுதான் கேட்டாராம். சொல்லிவிட்டுக் குரல் பதிவில் நீளமாகச் சிரித்திருந்தார்.

எங்கள் மணலுக்கும் புது ஆட்கள் வருகிறார்கள், விசாவுக்கு நிற்பவர்கள், வேலைக்கு வந்தவர்கள். என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் மனைவி சிரிப்பாள். ஆனாலும் யாராவது நான் கூப்பிட்டதற்கு மாறாக ஓடி வந்தால், கத்துவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு, அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தேனா, அவர் பெயரையாவது கேட்டேனா என்று முதலில் யோசித்துப் பார்க்கிறேன்.